கலவாய் கூடும் கல்

வெள்ளிக்கிழமைக் குத்பா பிரசங்கம் பாதியில் இருக்கும்போது கடல் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. மேல்மாடியில் யாரோ நெல் மூட்டையைப் போட்டால் கீழ்வீட்டில் கேட்குமே, அந்த அளவுதான். பள்ளிவாசலின் கண்ணாடிக் கதவு லேசாக அதிர்ந்து அடங்கியது. மௌலவி ஒரு சொல்லையும் விடாமல் தொடர்ந்து பேசினார்.

ஸஜாத்துக்கு மட்டும் அது என்னவென்று விளங்கியது. அது டைனமைட் என்று அவனுக்குத் தெரியும். எந்த இடத்தில் வெடித்தது என்றும் தெரியும். யாருடைய புண்ணியத்தில் வெடித்தது என்பது எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும்.

குத்பா நடக்கும்போது பேசக்கூடாது. பேசுகிற பக்கத்து ஆளை ‘சும்மா இரு’ என்று அதட்டுவதுகூடக் கூடாது. அன்றைக்கு அந்தச் சட்டம் அவனுக்கு மிகவும் வசதியாகப் போய்விட்டது. இரண்டாவது சத்தமும் கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு பாயிலிருந்த கோடுகளைப் பார்த்தபடி இருந்தான். சாய்ந்தமருதில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. வந்தவன் அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறான்.

தொழுகை முடிந்து வாசலில் செருப்புத் தேடும்போது யாரோ, “மலப்பக்கம் கல் உடைக்கிறானுகள் போல,” என்றார்கள்.

“ஓம், அப்பிடித்தான் இரிக்கும்,” என்றான் ஸஜாத்.

கலவாய் மீன்கள் கூடுகிற அந்தக் கல் அவனுக்குச் சீதனமாக வந்தது. இந்தக் கரையில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடும் வளவும் பெண்ணின் பேரில் இருக்கும். மீராசாஹிபுவுக்கு ஜுனைதா ஒரே பிள்ளை. அவர் வீட்டைக் கொடுத்தார், நற்பிட்டிமுனையில் இரண்டு ஏக்கர் வயலைக் கொடுத்தார், எல்லாம் கொடுத்து முடித்த பிறகு ஒருநாள் மருமகனைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், பன்னிரண்டு பாகம், எழுபது அடிக்கு மேலான ஆழத்தில் கிடந்த ஒரு கல்லையும் கொடுத்தார். பத்திரம் எழுத முடியாத சொத்து என்பதால் அதற்குக் கண்தான் சாட்சி.

கடலில் நின்று கரையைப் பார்க்க வேண்டும். பள்ளிவாசல் மினாரா அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தாங்கியின் நட்டநடுவில் வந்து நிற்கிற இடத்தில் ஒரு கோடு. தெற்கே தொலைபேசிக் கோபுரம் தூரத்து மலையின் பள்ளத்துக்குள் போய் நிற்கிற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நங்கூரம் போட்டால் கல்லின் தலையில் விழும். இந்தக் கடற்கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி இரண்டு மூன்று கற்கள் உண்டு. அடுப்படியில்கூட அதைப் பற்றி உரத்துக் கதைக்க மாட்டார்கள்.

மீராசாஹிபு மருமகனுக்குப் போட்ட நிபந்தனை ஒன்றுதான். மே, ஜூன் மாதங்களில் பிறை பதின்மூன்று, பதினாலு, பதினைந்து ஆகிய மூன்று நாளும் அந்தக் கல்லில் தூண்டில் இறக்கக் கூடாது. அவர் அந்த மூன்று நாளும் நோன்பு பிடித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார். “அதுகள் முட்டை போட வாறதுகள் மனே. வயித்தோட நிக்கிறதுகள்ட மேல கை வெக்கப்படாது,” என்பார். ஸஜாத் பன்னிரண்டு வருடம் அதைக் காப்பாற்றினான். பாதி மரியாதைக்காக. பாதி, மாமனார் வீட்டில் சோறு தின்பவன் வேறென்ன செய்வான் என்பதற்காக.

அந்த மூன்று நாளைக் கண்டுபிடித்தது றுக்ஸானா. பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிப்பிக்கிறவள். இரண்டு வருடமாகக் கரைக்கு வந்து, யார் எந்த மீனை எந்த நாளில் கொண்டுவருகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போவாள். ஸஜாத்தின் படகில் நல்ல கலவாய் வருகிற காலத்திலேயே, பறுவத்தை, அதாவது பௌர்ணமியை ஒட்டி மட்டும் ஒன்றுகூட வருவதில்லையே என்று கேட்டாள். அவன் நோன்புக் கதையைச் சொன்னான். அவள் பேனாவை மூடிவிட்டு, அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், “காக்கா, உங்கட மாமாவ நான் பார்க்கேலுமா?” என்றாள்.

மீராசாஹிபு நீண்ட நேரம் யோசித்துத்தான் சம்மதித்தார். பார்க்கலாம், படம் எடுக்கலாம், ஆனால் இடம் வெளியே போகக்கூடாது. றுக்ஸானாவும் அதையேதான் சொன்னாள். மீன்கள் முட்டையிடக் கூடுகிற இடம் சட்டப்படி பாதுகாக்கப்படும்முன் தெரிந்துவிட்டால், காப்பாற்றப் போகிறவனுக்கு முன்னால் அழிக்கப் போகிறவன் போய்விடுவான் என்றாள். கடலுக்கடியில் படம் எடுக்கத் திருக்கோவிலிலிருந்து சுஜிந்தனைக் கூட்டிவந்தாள். இருபத்தாறு வயது. நன்றாகச் சுழியோடுவான், அதிகம் கதைக்க மாட்டான்.

வியாழக்கிழமை, பிறை பதின்மூன்று. ஸஜாத் படகை நிறுத்தினான். சுஜிந்தன் கமராவோடு இறங்கி, அரை மணித்தியாலத்தில் மேலே வந்தான். வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினான்.

“அண்ணன், எண்ணேலாது! ஆயிரத்துக்கு மேல கிடக்கு! கல்லே தெரியல்ல!”

றுக்ஸானா படகில் உட்கார்ந்து அழுதாள். தனக்குத் தெரிந்தவரை இந்தக் கரையில் இப்படியொன்றை யாரும் பதிவுசெய்ததில்லை என்றாள். ஸஜாத் கையில் போனை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? எடுத்தான். சுஜிந்தன் கத்துவதை எடுத்தான், அப்படியே ஒரு சுற்றுச் சுற்றிக் கரையை எடுத்தான், கடைசியில் தன் முகத்தைப் பெரிதாக வைத்து, “இது எண்ட கல். ஆயிரம் கலவாய் கூடுற கல். உலகத்துக்கே தெரியாத கல்,” என்றான். எல்லாம் சேர்த்துப் பதினாறு செக்கன்.

உலகத்துக்குத் தெரியாத கல்லை அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பேஸ்புக்கில் போட்டான்.

அவனை முழு மடையன் என்று நினைக்க வேண்டாம். போடுவதற்கு முன் வீடியோவை மூன்று தரம் பார்த்தான். படகில் கிடந்த ஜிபிஎஸ் கருவி ஓர் ஓரத்தில் தெரிந்தது. அதைக் கவனமாக வெட்டி எடுத்தான். இடம் இனி யாருக்கும் விளங்காது என்று திருப்திப்பட்டுக்கொண்டான். பன்னிரண்டு வருடமாக மினாராவையும் தாங்கியையும் பார்த்தே அந்தக் கல்லுக்குப் போய்வருகிறவனுக்கு, அந்த மினாராவும் தாங்கியும் ஒன்றாக நிற்பது வீடியோவில் கண்ணுக்குப் படவில்லை. வீட்டுச் சுவரைப் போல அவ்வளவு பழகிப்போயிருந்தது.

பொழுதுபட்டு மஃரிபு தொழுகைக்குள் முந்நூறு பேர் விருப்பம் போட்டுவிட்டார்கள். கட்டாரிலிருந்து, றியாதிலிருந்து, கொழும்பிலிருந்து, ஒன்றாகப் படித்தவர்கள் எல்லாம் எழுதினார்கள். ‘ஊர்ட பெருமை’ என்று ஒருவன். ‘நம்மட ஸஜாத்தா இது!’ என்று இன்னொருவன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த ஊரில் அவனை மீராசாஹிபுவின் மருமகன் என்றுதான் சொல்வார்கள். அவனுடைய பெயரை இத்தனை பேர் ஒரே நாளில் சொல்லி அவன் கேட்டதேயில்லை.

அவற்றுக்கு நடுவில் ஒரு பூப்படம் போட்ட கணக்கிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான். ‘மாஷா அல்லாஹ். மினாராவும் தாங்கியும் ஒண்டா நிக்கிது. தெக்கால டவர் மலப் பள்ளத்துக்குள்ள நிக்கிது. போதும்.’

ஸஜாத் அதை வாசித்தான். வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தான். எட்டாவது செக்கனில் இரண்டு கோடும், மாமா காட்டிக் கொடுத்த மாதிரியே, அச்சாக நின்றன. அழிக்கும் இடத்தில் விரலை வைத்தான். அந்த நேரம் பார்த்து, கட்டாரிலிருக்கும் அஸ்கி, பள்ளிக்கூடத்தில் இவனைக் கணக்கிலேயே எடுக்காத அஸ்கி, வேலை முடிந்து வந்து இன்னும் பார்க்கவில்லையே என்ற நினைப்பு வந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே, யார் கடலுக்குப் போகப் போகிறான்? அந்த ஒரு ஆளின் கருத்தை மட்டும் அழித்தான். வீடியோவை விட்டுவைத்தான். ஜும்ஆவுக்குப் பிறகு எடுத்துவிடலாம் என்று படுத்துக்கொண்டான்.

ஜும்ஆவுக்குப் பிறகு எடுத்தான்தான்.

அன்று பின்னேரம் ஜுனைதா கல்முனைச் சந்தையிலிருந்து பெரிய பையோடு வந்தாள். “இண்டைக்கு கலவாய் முட்டை சும்மா அள்ளிக் குடுக்கிற மாதிரிக் குடுக்கிறானுகள். எந்த ஊர்ப் படகோ தெரியா,” என்றாள். மகள் நிப்லாவுக்கு மீன் முட்டைப் பொரியல் என்றால் உயிர். அடுப்படியெல்லாம் வாசம் ஏறியது. பையிலிருந்த மீனை ஸஜாத் எடுத்துப் பார்த்தான். கண்ணுக்குள் இரத்தம் கட்டியிருந்தது. தூக்கினால் நடுமுள் உடைந்து, வெடியில் செத்த மீனுக்கே உரியபடி, துணி போலத் தொங்கியது.

மீராசாஹிபு அன்றும் நோன்பு. மஃரிபு பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தார். நிப்லா ஓடிவந்து முட்டைப் பொரியல் தட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

“இது எங்கால?”

ஜுனைதா சொன்னாள். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவி வைத்திருந்த மீன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு விரல்களை மடித்தார்.

“வெளியால ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த மிஸ். அந்தத் திருக்கோவில் பொடியன். மிஸ் சொல்ற ஆளில்ல.”

மருமகனை அவர் எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை. ஸஜாத்துக்கு அதுதான் தாங்க முடியவில்லை. நெஞ்சில் கத்தியை வைத்து அழுத்தியிருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. அவன் வாயைத் திறந்தான். அதற்குள் நிப்லா, “வாப்பா, நீங்களும் தின்னுங்க,” என்று ஒரு துண்டை வாயில் ஊட்டிவிட்டாள். அவன் தின்றான். விழுங்கவும் செய்தான்.

கல்லில் வெடி வைத்ததை மீராசாஹிபு இரவே சங்கத்துக்கும் றுக்ஸானாவுக்கும் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலையில் றுக்ஸானா போன் எடுத்தாள். கல்லைப் போய்ப் பார்க்க வேண்டும், படகு வேண்டும் என்றாள். தனக்குக் காய்ச்சல் என்றான் ஸஜாத். பிறகு அவள் கேட்டாள்.

“காக்கா, சங்கத்து ஆக்கள் சுஜிந்தன்தான் எண்டு சொல்றாங்க. நீங்க அவரோட படகில இருந்த ஆள். உங்களுக்கு என்ன தோணுது?”

“எனக்கு என்ன தெரியும் மிஸ்,” என்றான்.

போனை வைத்தபிறகு தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. சுஜிந்தன்தான் என்று அவன் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பொடியனின் கழுத்தில் கயிற்றைப் போட்டவர்கள் வேறு யாரோ, தான் பக்கத்தில் சும்மா நின்றவன் என்று மனசைச் சமாளிக்கப் பார்த்தான். மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு கடற்கரையில் மீனவர் சங்கக் கட்டிடத்தில் கூட்டம். முப்பது பேர்போல வந்திருந்தார்கள். தலைவர் கச்சிமுகம்மது மேசைக்குப் பின்னால், மீராசாஹிபு முன்வரிசையில். றுக்ஸானா ஒரு கடுதாசி கொண்டுவந்திருந்தாள். அந்தக் கல்லில் அந்த இரண்டு மாதமும் பறுவத்தை ஒட்டிய மூன்று நாள் எந்தப் படகும் தொழில் செய்யக் கூடாது என்று அரசாங்கத்திடம் கேட்கிற கடுதாசி. சங்கம் கையெழுத்து வைத்தால்தான் அது நகரும்.

சுஜிந்தனும் வந்திருந்தான். வராமல் இருந்திருக்கலாம். முந்தின நாள் பாலமுனைப் படகொன்றைப் பிடித்துக்கொண்டு போய்த் தனியாக இறங்கி எடுத்த படத்தை மடிக்கணினியில் காட்டினான். கல்லின் ஒரு பக்கம் பிளந்து வெள்ளையாகக் கிடந்தது. அடியில் செத்த மீன்கள் வயிறு வெடித்து மணலில் படுத்திருந்தன. கொண்டுபோனது பாதிதான், மீதியை எடுக்க அவர்களுக்கு நேரமிருக்கவில்லை போலும். ஒரேயொரு கலவாய் மட்டும் பிளந்த கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. போவதும், திரும்புவதும், அதே இடத்துக்கு வருவதும்.

கச்சிமுகம்மது தொண்டையைச் செருமினார். “கையெழுத்து வெக்க எங்களுக்குத் தட ஒண்டும் இல்ல மிஸ். ஆனா ஒரு விசயம். கல்லக் காட்டிக் குடுத்தவன் ஆராயிருந்தாலும் ஆறு மாசம் இந்தக் கரையில இறங்கப்படாது எண்டு சங்கம் முடிவெடுத்திரிக்கி. இந்தத் தம்பிய நீங்க வேலையால நிப்பாட்டுங்க. மறுகா கையெழுத்து.”

“நான் ஆருக்கும் சொல்லல்ல ஐயா,” என்றான் சுஜிந்தன். குரல் உயரவில்லை. “என்ட அம்மாக்கும் சொல்லல்ல.”

“அப்ப மீன் வந்து சொல்லிச்சா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். சிலர் சிரித்தார்கள்.

சுஜிந்தன் திரும்பி ஸஜாத்தைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வையில்லை. கூடவே படகில் இருந்த ஆள் ஏதாவது சொல்வார் என்ற சாதாரண நம்பிக்கை. அதுதான் ஸஜாத்தை எழுப்பி நிற்க வைத்தது.

“அவரில்ல,” என்றான். “நான்தான். பேஸ்புக்கில ஒரு வீடியோ போட்டன். கர தெரிஞ்சிரிக்கி. மினாராவும் தாங்கியும்... நான் கவனிக்கல்ல. தெரியாம நடந்திட்டு.”

மீராசாஹிபு திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய பிடரி மட்டும் விறைத்து நின்றது. பின்வரிசையில் இருந்த சப்ரி என்ற இளைஞன், “ஓம், அத நானும் பாத்தன். எனக்கே வெளங்கல்லயே கரையப் பத்தி,” என்றான். அறை இளகியது. யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

“சரி, சரி,” என்றார் கச்சிமுகம்மது. முகத்தில் நிம்மதி பரவியது. “தெரியாமச் செஞ்சதுக்கு என்ன செய்யிற? நம்மட புள்ளதானே. வேணுமெண்டா செஞ்சான்? இரி மனே, இரி. ஆறு மாசக் கதையெல்லாம் இதுக்கில்ல. மிஸ், கடுதாசியத் தாங்க. டேய், தேத்தண்ணி கொண்டு வாங்கடா.”

அவ்வளவுதான். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை இரண்டு நிமிடத்தில் தேத்தண்ணி கொடுத்து இறக்கிவிட்டார்கள். சுஜிந்தனிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனைக் கேட்டதும் சிரித்ததும் நடக்காத மாதிரியே பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவன் மடிக்கணினியைப் பையில் போட்டு, றுக்ஸானாவிடம் தலையசைத்துவிட்டு வெளியே போனான்.

ஸஜாத்தின் கையில் சூடான கோப்பை வந்து ஏறியது. பக்கத்திலிருந்தவன் தோளில் தட்டினான். வேறு யாராக இருந்தாலும் அந்தத் தேத்தண்ணியைக் குடித்திருப்பார்கள். அவனும் உதட்டுவரை கொண்டுபோனான். பிறகு கோப்பையை ஜன்னலில் வைத்துவிட்டு எழுந்து ஓடினான்.

சுஜிந்தன் மணலில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். ஸஜாத் போய்க் கைப்பிடியைப் பிடித்தான்.

“தம்பி, என்னய மன்னிச்சிக்கங்க.”

“பரவாயில்ல அண்ணன். நீங்க எழும்பிச் சொன்னீங்கதானே. தெரியாமத்தானே நடந்த.”

அங்கேயும் அதே சொல். ஸஜாத் கைப்பிடியை விடவில்லை.

“தெரியாம இல்ல,” என்றான். “ஒருத்தன் வியாழக்கிழமையே எழுதினான். மினாராவும் தாங்கியும் தெரியிது எண்டு எழுதினான். நான் வாசிச்சன். வாசிச்சிட்டு அவன் எழுதினத மட்டும் அழிச்சன். வீடியோவ அழிக்கல்ல. இன்னும் ரெண்டு பேர் பாக்கட்டும், புகழட்டும் எண்டு வெச்சிருந்தன். வெள்ளிக்கிழம சத்தம் கேட்டதும் எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டுத்தான் தொழுதன்.”

சுஜிந்தன் கோபப்படுவான், கைநீட்டுவான், குறைந்தது திட்டவாவது செய்வான் என்று ஸஜாத் எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

“இத ஏன் என்னிட்டச் சொல்றீங்க?” என்றான் சுஜிந்தன். “உள்ளுக்குத்தானே நீங்க மத்தக் கதையச் சொன்னீங்க. அங்க போய்ச் சொல்லுங்க அண்ணன்.”

கைப்பிடியிலிருந்து ஸஜாத்தின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, வண்டியை முடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

சங்கக் கட்டிடத்துக்கும் அவனுக்கும் இடையில் முப்பது அடி மணல் இருந்தது. பக்கவாட்டில் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை. அதில் திரும்பினால் ஊரில் இனி ஒருவரும் அவனை ஒரு கேள்வியும் கேட்கப் போவதில்லை. நல்ல பிள்ளை, எழும்பி நின்று உண்மை சொன்ன பிள்ளை என்று வேறு சொல்வார்கள். ஸஜாத் அந்த ஒழுங்கையை ஒருமுறை பார்த்தான். பிறகு மணலில் நடந்தான்.

உள்ளே கடுதாசி கைமாறிக்கொண்டிருந்தது. தேத்தண்ணியோடு யாரோ சொன்ன பகிடிக்குச் சிரிப்பு. அவன் வாசலில் நின்று, “நான் சொன்னது பொய்,” என்றான். சிரிப்பு நின்றது. வெளியே சொன்னதை அப்படியே, ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னான். முட்டைப் பொரியலைத் தின்றதையும் சொன்னான். யாரும் கேட்காமலே, “ஆறு மாசம் எண்டு எண்ட பேர எழுதுங்க,” என்று முடித்தான்.

கச்சிமுகம்மது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் மீராசாஹிபுவைப் பார்த்தார். “காக்கா, நம்மட மருமகன்...” என்று இழுத்தார்.

மீராசாஹிபு கதிரையைத் திருப்பிப் போட்டு, அந்தக் கூட்டத்தில் முதல்தடவையாக மருமகனை நேராகப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

“ஆறு மாசம் காணாது,” என்றார். “அடுத்த வருசம் அதுகள் திரும்பி வாறதக் கண்ணால காணுற வரைக்கும் எண்டு எழுது.”

“வராட்டி?” என்று கேட்டார் கச்சிமுகம்மது.

மீராசாஹிபு விரலால் தாளைக் காட்ட, கச்சிமுகம்மது எழுதினார். ஸஜாத் மேசைக்குப் போய், எழுதிய வரிக்குக் கீழே கையெழுத்து வைத்தான்.